‘தூத்தா’ ஆலைச் சீருடை அல்ல

இத்தாலியக் கலைஞர் தாயாத் வடிவமைத்த, மேற்சட்டையும் கால்சட்டையும் ஒன்றாக இணைந்த ‘தூத்தா’ என்ற உடை, எதிர்காலவாதம் (ஃபியூச்சரிசம்) என்ற இத்தாலியக் கலை இயக்கம் ஆலைத் தொழிலாளருக்கு உருவாக்கிய சீருடை என்று பகிரப்படுகிறது. தவறு. ஃபுளோரன்ஸ் கலைஞரான அவர் அதை வெளியிட்டது 1920இல். அந்த இயக்கத்தில் சேர்ந்ததோ 1929இல். முதல் உலகப் போருக்குப் பின் துணி விலை ஏறியிருந்த காலத்தில், எல்லோரும் வீட்டிலேயே தைத்து அன்றாடம் அணிவதற்கான உடை அது. துணியை எப்படி வெட்டுவது என்று காட்டும் வெட்டுப்படத்தை ‘லா நாசியோனே’ நாளிதழ் வெளியிட்டது. நாலரை மீட்டர் பருத்தித் துணி, 7 பொத்தான், ஒரு பெல்ட் போதும். வெட்டுகள் எல்லாம் நேர்கோடு. அதனால் துணி வீணாகாது, தையல் பழகாதவருக்கும் கை வரும். உடலோடு ஒட்டத் தைத்தால் இந்தச் சிக்கனமே போய்விடும். இடுப்பைப் பிடிப்பது பெல்ட்டின் வேலை. ஃபுளோரன்ஸின் வசதியானவர்கள்தான் அதை முதலில் விரும்பி அணிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.