எந்தக் கோடு, சேர்?

போன கிழமை நடந்த அந்த வினாடி வினாவின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் சிரிப்பு இமோஜியும் போட்டாயிற்று. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. ஐரோப்பாவின் அதியுயர்ந்த சிகரம் எது என்று கேட்டார்கள். பிள்ளை "எல்புரூஸ்" என்றாள். நடுவர் சேர் யோசிக்கவே இல்லை: "பிழை. மொண்ட் பிளாங்க்." மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஐரோப்பா எங்கே முடிகிறது என்று வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள்? கருங்கடலுக்கும் கஸ்பியன் கடலுக்கும் நடுவே கிடக்கும் கவ்காஸ் மலைத்தொடரின் முகட்டை எல்லையாகப் பிடித்தால் எல்புரூஸ் அதற்குச் சற்று வடக்கே, ஐரோப்பாவுக்குள் நிற்கிறது. உயரம் 5642 மீற்றர். அல்ப்ஸ் மலையின் மொண்ட் பிளாங்க் 4800 சொச்சம், கிட்டவும் வராது. கவ்காசுக்கு வடக்கே கிடக்கும் குமா-மானிச் பள்ளத்தை எல்லையாகப் பிடித்தால் எல்புரூஸ் ஆசியாவுக்குப் போய்விடும், மொண்ட் பிளாங்க் வென்றுவிடும். இரண்டுமே தேசப்படங்களில் கீறப்படுகிற கோடுகள்தான். பிள்ளை ஒரு கோட்டை நம்பிப் பதில் சொன்னாள், சேர் மற்றக் கோட்டை வைத்துப் பிழை போட்டார். எந்தக் கோடு என்று கேள்வியில் இருந்ததா? இல்லை.

"புத்தகத்தில் அப்படித்தான் இருக்கு" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். எந்தப் புத்தகம், ஐயா? கண்டத்தின் எல்லை ஆண்டவன் கீறியது இல்லை. ஒன்றாகக் கிடக்கிற நிலத்துக்கு எதற்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா (ஆபிரிக்கா) என்று மூன்று பெயர், யார் இந்த எல்லைகளை வைத்தது என்று தனக்கு விளங்கவில்லை என கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே 2400 வருடங்களுக்கு முன் எழுதி வைத்துவிட்டார். பழைய காலத்தில் பலருக்கு ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே எல்லை, இன்றைய ரஷ்யாவில் ஓடும் தொன் ஆறு. உரால் மலையை எல்லையாக எழுதியவர் ஸ்ட்ராலன்பெர்க், சுவீடன் நாட்டு அதிகாரி, ரஷ்யாவிடம் போர்க்கைதியாகப் பிடிபட்டு சைபீரியாவில் வருடக்கணக்காகக் கிடந்தவர். அவருடைய புத்தகம் வந்தது 1730 இல். அந்த யோசனையே என்னுடையது என்று தத்தீஷ்சேவ் என்ற ரஷ்யர் உரிமை கேட்டார். எல்லையை யார் கண்டுபிடித்தது என்பதிலேயே பிடுங்குப்பாடு! நாங்களோ அந்த மலை முளைத்த நாளிலிருந்தே எல்லையும் இருந்ததுபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சுவர்ப்படம் இருந்தது. துணியில் ஒட்டினது, மடித்து மடித்து வைத்ததில் மடிப்பு சரியாகக் கஸ்பியன் கடலுக்கு மேலால் போய், கவ்காஸ் பக்கம் வெள்ளை நூல் தெரியும். டீச்சர் பிரம்பை அந்தக் கிழிசலில் வைத்து "இதுதான் எல்லை" என்பார். நடுவர் சேரும் அந்தப் படத்தில்தான் படித்தாரோ தெரியாது.

மலை ஏறுகிறவர்களைப் பாருங்கள். ஏழு கண்டத்து ஏழு சிகரம் என்று ஏறுகிறார்களே, அவுஸ்திரேலியாவுக்கு 2228 மீற்றர் கொசியுஸ்கோவா, நியூகினித் தீவின் 4884 மீற்றர் புன்சாக் ஜாயாவா என்பதில் தகராறு. அவர்கள் யாரையும் சிரித்து அனுப்பவில்லை, இரண்டு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இரண்டிலும் ஐரோப்பாவுக்கு எல்புரூஸ்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. புள்ளிவிபரப் பிரிவு சைப்பிரசை மேற்கு ஆசியாவில் வைத்திருக்கிறது, அதே சைப்பிரஸ் 2004 இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில். கஸகஸ்தான் 2002 இலிருந்து ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கத்தில் சேர்ந்து பந்து அடிக்கிறது. ஐ.நா. கணக்கில் ஈரான் எங்களோடு தெற்காசியா, தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கில் ஈரான் உறுப்பினரே இல்லை. எது பிழை? ஒன்றும் பிழையில்லை. எதற்காகப் பிரிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்ப பரீட்சையில் பிள்ளைகள் என்ன எழுதுவது?" பாடப்புத்தகத்தில் உள்ளதை எழுதட்டும், நானும் அதைத்தான் சொல்லுவேன். இது பரீட்சை இல்லையே. "உங்கட கிளாஸ் பிள்ளை எண்டபடியால்தானே துள்ளுறீங்க?" ஓம், என்னிடம் படிக்கிற பிள்ளைதான். அதனால் அவளுடைய பதில் பிழையாகிவிடுமா?

கோடு கீறுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கா தெரியாது? மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், சூரியன் எழும் கிழக்கு, எழுவான்கரை; அந்தப் பக்கம், சூரியன் படும் மேற்கு, படுவான்கரை. வர்த்தமானி இல்லாமல் சனம் வைத்த எல்லை, இன்றைக்கும் யாரும் மாறிச் சொல்வதில்லை. 1961 இல் மட்டக்களப்பின் தெற்கை வெட்டி அம்பாறை மாவட்டம் ஆக்கினார்கள். தம்பிலுவில்லில் இருந்த என் அப்பப்பாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் மட்டக்களப்பு, மரண அத்தாட்சிப் பத்திரத்தில் அம்பாறை. வளவு வேலியில் ஒரு கதியால்கூட அசையவில்லை. சாகுமட்டும் யாராவது ஊர் கேட்டால் "மட்டக்களப்பு" என்றுதான் சொன்னார். அவருக்கும் பிழை போடுவீர்களா? (கல்முனைப் பக்கத்து எல்லைக் கதையை எடுக்கவில்லை, கமெண்ட் பெட்டி தாங்காது.)

வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். சிரித்தவர்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். வாழ்க.

ஏற்பாட்டாளர் ஒருவர் இன்பொக்ஸில், "விடுங்க சேர், கப்பும் குடுத்திட்டம்" என்று எழுதியிருக்கிறார். கப்பை யார் கேட்டது, தம்பி? அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டுப் பிழை போட்டீர்கள், அதே மாதிரிக் கூப்பிட்டு "உன் பதிலும் சரி" என்று சொல்லுங்கள். அடுத்த வருடம் கேள்விகளை முதலே ஒரு புவியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். என்னிடம் வேண்டாம், என்னோடுதான் உங்களுக்குக் கோபமே. மட்டக்களப்பில் வேறு ஆளா இல்லை?