மாதம் 745 கிலோ கொழுந்து

போன ஞாயிறு சாயங்காலம் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்ட நேரம், குடையை மடக்கக்கூட இல்லை, கேள்வி வந்துவிட்டது. "நீ படிச்ச படிப்பைத்தான் படிப்பேன்னு நிக்கிறா. கடன் வாங்கிப் படிக்க வைக்கலாமா, சொல்லும்மா." பிள்ளை பிளஸ் டூ முடித்து நாட்டா என்கிற ஆர்க்கிடெக்சர் நுழைவுத் தேர்வும் எழுதியிருக்கிறாள். கட்டடம் வடிவமைக்கும் ஆர்க்கிடெக்ட் ஆக பி.ஆர்க் சேர வேண்டும் என்கிறாள். அண்ணன் பையில் இன்னொரு தாளும் இருந்தது, கோவையில் ஒரு ஏஜென்ட் கொடுத்தது. அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினியரிங், முடித்தால் சம்பளம் கோடியில் என்று அச்சடித்திருந்தார்கள்.

அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. இதே கேள்வியை வருடத்துக்கு நாலைந்து பேர் கேட்கிறார்கள் என்பதால் மீதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் கணக்கு. 2011இல் சேர்ந்து 2016இல் முடித்தேன். 4 லட்சம் கல்விக் கடன். அதுவரைக்கும் வங்கி ஜாமீன் கேட்காது என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டோம், மீதிக்கு அம்மாவின் நகை போனது. வட்டி 12.5 சதவீதம். படிக்கும்போது ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்று சொன்னார்கள், உண்மைதான். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. 2017இல் தவணை தொடங்கியபோது அந்த 4 லட்சம் ஏறக்குறைய 6 லட்சமாக வளர்ந்து நின்றது. ஏழு வருடத் தவணை, மாதம் 10,750 ரூபாய். அப்போது கோவையில் என் சம்பளம் 14,000. ஹாஸ்டல் வாடகையை அப்பா அனுப்பினார். வேலைக்குப் போகிற மகளுக்கு அப்பா மாதாமாதம் பணம் அனுப்பினார் என்பதை ஊரில் யாருக்கும் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

இந்தப் படிப்பில் காசு இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காசு வரும், தாமதமாக வரும். தவணைதான் தாமதமாக வராது. என் புகாரெல்லாம் இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் கிடக்கும் ஐந்தாறு வருடத்தைப் பற்றித்தான்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. இன்ஜினியரிங் நான்கு வருடம், பி.ஆர்க் ஐந்து வருடம். என்னோடு பள்ளியில் படித்தவள் சிவில் முடித்து முதல் சம்பளம் வாங்கியபோது நான் தீசிஸ் ஷீட்டோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். படித்து முடித்த பிறகும், 1972ஆம் வருட ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தால்தான் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டலாம். போர்டு மாட்டினாலும் யார் வருவார்கள்? கட்டி முடித்த நாலு வீட்டைக் காட்டினால்தான் ஐந்தாவது வீடு வரும். அதுவரை இன்னொருவர் ஆபீசில் படி இறக்கம், கழிவறை டைல்ஸ் என்று வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்றைய கணக்குக்கு வருவோம். அண்ணன் போட்டுவைத்திருந்த தொகை 7 லட்சம். வருடத்துக்கு 1,40,000 வீதம் வாங்கி, 10.5 சதவீதம் தனிவட்டி என்று வைத்தால், படிப்பும் அதற்குப் பின் ஒரு வருட அவகாசமும் முடியும்போது 9,94,000 நிற்கும். பத்து வருடத் தவணை மாதம் 13,400 சொச்சம். பதினைந்து வருடமாக நீட்டினால் 11,000, ஆனால் மொத்தத்தில் 20 லட்சத்துக்குப் பக்கமாகக் கட்டியிருப்போம். கோவையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இப்போது 15,000 முதல் 22,000 வரை தருவதாகக் கேள்விப்படுகிறேன்.

அண்ணனுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. சரி என்று கொழுந்துக் கணக்கில் சொன்னேன். பச்சைத் தேயிலை கிலோ 18 ரூபாய் என்றால் ஒரு தவணை 745 கிலோ. எங்கள் தோட்டத்தில் ஏக்கருக்கு மாதம் சராசரி 350 கிலோ தேறும். ஆக இரண்டு ஏக்கரில் பறிப்பதெல்லாம் வங்கிக்கே போகும், பறிப்புக் கூலியும் உரமும் தனி. செடியைக் கவாத்து வெட்டிய மாதங்களில் இலையே கிடையாது, தை மாதப் பனியில் கருகினால் அதுவும் கிடையாது. வங்கிக்குக் கவாத்தும் தெரியாது, பனியும் தெரியாது. அண்ணனுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கட்டண ரசீதில் வராத செலவும் உண்டு. மவுண்ட் போர்டு, ஃபோம் ஷீட், ஏ1 அளவில் பிரிண்ட், கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப், ஸ்டடி டூர். என் நோட்டில் ஐந்து வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். எங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரியில் ஒரு ஆசிரியர் மாடலைக் கையால் உடைத்துவிட்டு "திரும்பச் செய்" என்பார், அதற்கும் காசு நம்முடையதுதான்.

மலையில் இருந்துகொண்டே சம்பாதிக்கலாமே என்பார்கள். நான் அதைத்தான் செய்கிறேன், அதனால் சொல்லலாம். ஆர்க்கிடெக்டின் கூலி பெரும்பாலும் கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம், இல்லையென்றால் சதுர அடிக்கு இவ்வளவு. கட்டடம் பெரிதானால் கூலியும் பெரிதாகும். நீலகிரியில் ஏழு மீட்டருக்கு மேல் எழுப்பக் கூடாது. விதி சரியானதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதைப் பார்த்த யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். அப்போது நான் பிளஸ் ஒன். இந்தப் படிப்பை நான் எடுத்ததற்கே அந்த மழைதான் காரணம். ஆனால் எங்கள் கூலிக்கும் அதே ஏழு மீட்டர்தான். அப்புறம் ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் வனத்துறை, சுரங்கத்துறை என்று ஒவ்வொன்றிடமும் தடையின்மைச் சான்று வாங்கிக் கோப்பு நகர மாதக்கணக்காகும். அனுமதி வந்தால்தான் கூலியில் இரண்டாவது தவணை தருவேன் என்பார் வீடு கட்டுகிறவர். மணலும் செங்கல்லும் லாரியில் மலையேறி வருவதால் செலவு எகிறும், எகிறியதும் முதலில் வெட்டுவது "பிளான் போடுற பொண்ணு"க்குத் தர வேண்டியதைத்தான். தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியக் குழாய் வைக்கச் சொன்னதற்கு எவரும் தனியாகக் காசு தந்ததில்லை. ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் மூச்சு விட முடிகிறது.

அந்த ஏஜென்ட் தாளுக்கு வருகிறேன். ஆர்க்கிடெக்சுரல் இன்ஜினியரிங் மோசமான படிப்பு இல்லை. ஆனால் அது ஆர்க்கிடெக்ட் ஆகிற படிப்பும் இல்லை. கட்டடத்தின் பாரம், வெளிச்சம், காற்றோட்டம், மின்சாரம், தண்ணீர் இவற்றைக் கணக்கிடும் இன்ஜினியர் வேலை. பெயரில் ஆர்க்கிடெக்சர் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தாள், ஏஜென்டும் திருத்தவில்லை. அதை மட்டும் முடித்துவிட்டு வந்து இங்கே ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அங்கே ஒரு வசதி உண்டு: ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்பதால் முடித்த பிறகு மூன்று வருடம் வரை வேலை பார்க்க அனுமதி. அதற்குப் பிறகு எச்1பி வேலை விசாவுக்கான குலுக்கல். சம்பளமும் குறைவில்லை, 2023இல் அமெரிக்கத் தொழிலாளர் துறைக் கணக்கில் சிவில் இன்ஜினியர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்குக் கீழ்) வருடத்துக்கு 95,890 டாலர், ஆர்க்கிடெக்ட்டுக்கு 93,310. கோடி என்று அச்சடித்தவர் டாலர் வாடகையைக் கழிக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். விவசாய நிலத்தை வங்கிகள் அவ்வளவாக விரும்புவதில்லை, வீட்டுப் பத்திரம்தான் போகும். குலுக்கலை நம்பி வீட்டை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

என் கருத்து இதுதான். கவுன்சலிங் வழியாக அரசு இடமோ கட்டணம் குறைந்த கல்லூரியோ கிடைத்து, கடன் 4 லட்சத்துக்குள் நின்றால் அவள் தாராளமாகப் படிக்கட்டும், கை நன்றாக ஓடுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் 7 லட்சம், 10 லட்சம் என்றால் வேண்டாம். சிவில் படித்துவிட்டு வந்தாலும் இந்த மலைக்கு வேலை செய்யலாம்.

இன்னொன்று. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் நான் சேர்ந்த வருடத்திலேயே இருந்தது. வங்கியில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த 2 லட்சத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கல்லூரியின் அங்கீகாரம் சார்ந்த நிபந்தனைகள் இருப்பதால் சேரும் முன்பே விசாரித்துவிட வேண்டும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று மட்டும் அதே வங்கியில் பெருமையாகச் சொன்னார்கள். 14,000 சம்பளத்துக்கு எந்த வரியைக் கழிக்க?

கிளம்பும்போது அண்ணன் கேட்டார், "அப்போ பத்திரம்?"

"பீரோவிலேயே இருக்கட்டும்ணா."

இந்த வாரம் இ-சேவை மையத்துக்குப் போகிறார். வருமானச் சான்றிதழோடு முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். ஏஜென்ட் இரண்டு தடவை போன் செய்தாராம், அண்ணன் எடுக்கவில்லை.