இலக்கண நோட்டை மூடச் சொன்னவர்களுக்கு

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி விழாவில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளியை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளராக வந்தவர், "கிராமர் நோட்டை மூடி வையுங்கள், தைரியமாகப் பேசினால் இங்கிலீஷ் தானாக வரும்" என்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் மூடச் சொன்னதுதான் மனத்தை அறுக்கிறது. திங்கட்கிழமை மாலை நான் எடுக்கும் ஆங்கில வகுப்புக்குப் பாதிப் பேர் நோட்டில்லாமல் வந்தார்கள்.

அதில் என்ன இருக்கிறது என்று நானே சொல்கிறேன். கரும்பலகையில் பத்து வாக்கியங்கள் எழுதுவேன். முதலில் வினைச்சொல்லைத் தேடிச் சிவப்பு மையில் வட்டமிட வேண்டும். பிறகு அந்த வினையிடம் 'யார்' என்று கேட்டால் எழுவாய் கிடைக்கும், அதற்கு நீலக்கோடு. 'எதை, யாரை' என்று கேட்டால் செயப்படுபொருள். எங்கே, எப்போது என்பவை கடைசியில். இதை மனப்பாடக் கல்வி என்று எவர் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் இதில் மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை.

தமிழில் "கண்ணன் நாயைத் துரத்தினான்" என்றாலும் "நாயைக் கண்ணன் துரத்தினான்" என்றாலும் துரத்தியவன் கண்ணன்தான். 'ஐ' உருபு அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றினால் நாய் கண்ணனைத் துரத்தும். பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் அவை வேகமாகத் தேய்ந்துபோக, எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையே பொருளைச் சுமக்க வேண்டியதாயிற்று. இதைச் சொன்ன அன்று கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்ப ஹி, ஹிம்னு மாறுறது மட்டும் அதுல மிச்சம் நிக்கிதா டீச்சர்?" என்று கேட்டான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும், வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தொட்ட பிள்ளை அவன். அந்தக் கேள்விக்காகவே நான் இன்னும் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்வேன்.

எங்கள் பிள்ளைகளின் பிழைகள் கோழைத்தனத்தால் வருபவை அல்ல. "அவர் ஆசிரியர்" என்பது தமிழில் முழு வாக்கியம். அதனால்தான் அவர்கள் 'இஸ்' இல்லாமல் "ஹி டீச்சர்" என்று எழுதுகிறார்கள். "எனக்குப் பசிக்கிறது" என்பதில் 'எனக்கு' நான்காம் வேற்றுமை, ஆங்கிலமோ அங்கே 'நான்' என்று பொருள்படும் 'ஐ' (I) என்ற எழுவாயைக் கேட்கிறது. மழை பெய்வதைச் சொல்லக்கூட எழுவாய் இடத்தில் பொருளற்ற ஓர் 'இட்' வந்து நிற்க வேண்டியிருக்கிறது. தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. எவ்வளவு தைரியம் ஊட்டினாலும் இந்தத் தடுமாற்றம் தீராது. வீட்டில் ஆங்கிலம் காதில் விழாத பிள்ளைக்கு வாக்கியத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் சில நாள் வராமல் இருந்துவிட்டு, "அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று விடுப்புக் கடிதம் கொண்டுவந்தான். தலை மழித்திருந்தது. விசாரித்தால், தாத்தா காலமாகியிருக்கிறார். "தாத்தா செத்ததுக்கு எப்படி எழுதுறதுன்னு தெரியல டீச்சர், காய்ச்சலுக்கு மட்டுந்தான் மனப்பாடமா இருந்துச்சு" என்றான். தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லாமல் அந்தப் பிள்ளை நின்றான். அன்று மாலையே அவனை உட்கார வைத்து, யார், என்ன ஆனார், எப்போது என்று கேட்டுக் கேட்டு எழுத வைத்தேன். "மை கிராண்ட்ஃபாதர் டைட் ஆன் சண்டே." அவனாக எழுதிய முதல் ஆங்கில வாக்கியம் அது. அவனிடம் போய் நோட்டை மூடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

"குழந்தை இலக்கணம் படித்துவிட்டா தாய்மொழி பேசுகிறது?" என்று கேட்பீர்கள். இல்லைதான். பிறந்த நாள் முதல் இரவு பகலாக அது காதில் விழுகிறது, அதனால் பேசுகிறது. மதுரை கே.கே. நகரில் ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓரளவு அந்த வாய்ப்பு உண்டு. எங்கள் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பாடவேளை, அதுவும் வகுப்பு நிறையப் பேருடன். புள்ளி வைக்காமல் கோலம் போடும் கைகளும் ஒரு காலத்தில் புள்ளி எண்ணிப் பழகியவைதான்.

கைபேசியே திருத்தித் தருகிறதே என்பவர்களுக்கு: பொதுத்தேர்வு அறைக்குள் கைபேசி வராது, கலைந்து கிடக்கும் சொற்களை வரிசைப்படுத்தி எழுதச் சொல்லும் வினா வரும்.

"ஆங்கில மோகம் பிடித்தவர், தமிழைப் பின்னுக்குத் தள்ளுகிறார்" என்று ஒருவர் எழுதியிருந்ததை மட்டும் என்னால் கடக்க முடியவில்லை. என் வகுப்பில் எழுவாய், பயனிலை என்ற சொற்களே முதலில் வரும். திணை, பால், எண், இடம் பார்த்து வினையை முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கில நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு ஓர் 'எஸ்' சேர்ப்பது எவ்வளவு சிறிய வேலை என்று காட்டித்தான் பயத்தைப் போக்குகிறேன். தமிழ் ஐயா போட்ட அடித்தளத்தின் மேல்தான் நான் நிற்கிறேன் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். இதைவிட வேறு எப்படித் தமிழை மதிப்பது?

நானும் தமிழ்வழியில் படித்து மதுரையில் கல்லூரிக்குப் போனவள். முதலாண்டு முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை. தைரியம் இல்லாமல் அல்ல, வாக்கியத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல். விடுதியில் ஓர் அக்கா இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்னை உட்கார வைத்து, செய்தித்தாள் வாக்கியங்களைப் பென்சிலால் பிரித்துக் காட்டினார். அதன் பிறகுதான் பேசினேன். மேடையில் இருந்து ஒருவர் "தைரியமாகப் பேசு" என்று மட்டும் சொல்லியிருந்தால், என் மேல்தான் குறை என்று நம்பி ஒதுங்கியிருப்பேன். வெள்ளிக்கிழமை கைதட்டிய பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி நம்பிப் போனார்கள் என்பதுதான் என் கவலை. பேசியவர் பொன்னாடையோடு கிளம்பிவிட்டார். வராத ஆங்கிலத்துக்குத் தன்னையே நொந்துகொள்ளப் போகும் பிள்ளை இங்கேயே இருக்கிறது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் செயப்பாட்டு வினை மீள்பார்வை இருக்கிறது. செயப்படுபொருளை அடையாளம் காணாமல் அந்தப் பாடத்தில் ஓர் அடி நகர முடியாது. ஆகவே நோட்டுடன்தான் வர வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஆங்கிலம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் வாருங்கள், ஆளுக்கு நான்கு பேரோடு உட்கார்ந்து வாக்கியம் பிரித்துக் காட்ட ஆள் தேவைப்படுகிறது.