ஈசல் சோறு

பூச்சி உண்பது தமிழரிடம் ஒருகாலமும் இருந்ததில்லை, அது அந்நியர் வழக்கம் என்று இங்கே ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அகநானூறு 394ஆம் பாடலில் செம்மறியின் தயிர், வரகரிசி, மழைக்குப் பின் ஈரப் புற்றிலிருந்து பிடித்த ஈசல் எல்லாம் சேர்த்துச் சமைத்த புளிச்சோறு வருகிறது. சூட்டில் பசுவெண்ணெய் வேறு உருகுகிறது! நூலகத்தில் உரையுடன் கூடிய பதிப்பை எடுத்து, ‘ஈயல்பெய்து அட்ட இன்புளி வெஞ்சோறு’ என்ற அடியைப் பாருங்கள். ஈயல் என்பது நம் ஈசல்தான்.

எனக்கும் அதைத் தின்ன மனம் வராது. இங்கே வன்னியில் முதல் மாரிமழைக்கு விளக்கடியில் இறகுதிர்த்துக் குவியும் ஈசலை நான் கூட்டி அள்ளிக் கோழிக்குத்தான் போடுகிறேன். ஆனால் ‘ஒருகாலமும் இல்லை’ என்ற சொல்லை அன்பர் திருத்திவிட்டால் நல்லது.