நீலப் புள்ளியை நம்பி வேலி தாண்டாதீங்க

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் பிறந்தா இதே சண்டைதான். அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள்ல எல்க்ங்கற பெரிய மான் வேட்டை சீசன் தொடங்கும். எல்லார் கையிலயும் போன், போன்ல ஒரு வேட்டை மேப் ஆப். பொது நிலம் ஒரு கலர், தனியார் நிலம் இன்னொரு கலர், நடுவுல மயிரிழை மாதிரி ஒரு கோடு. "கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன், போன்ல பாருங்க"ன்னு வேட்டைக்காரர் நீட்டுவார். "என் போன்ல நீ உள்ள நிக்கறே"ன்னு நிலத்துக்காரர் கத்துவார். ரெண்டு போனுமே தப்பா இருக்கலாம்னு அந்த இடத்துல ஒருத்தருக்கும் தோணறதில்ல. வயிறு எரியுது!

அந்தக் கோடு எங்கிருந்து வருதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. பெரும்பாலும் அந்தந்த கவுண்டியோட, நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, வரி அலுவலக வரைபடத்துலேருந்து வருது. எந்த நிலத்துக்கு யார் எவ்வளவு வரி கட்டணும்னு கணக்கு வைக்கறதுக்காகப் போட்ட படம் அது. நிலத்துல சங்கிலி பிடிச்சு அளந்து, கல் நட்டு வரைஞ்ச சர்வே இல்ல. பழைய காகிதப் படத்தை ஸ்கேன் பண்ணி, அது மேல கம்ப்யூட்டர்ல கோடு இழுத்து வச்ச இடங்களும் இருக்கு. கோடு இருபது முப்பது அடி நகர்ந்திருந்தாலும் வரி வசூலுக்கு ஒரு குறையும் வராது. துப்பாக்கியோட நிக்கறவருக்கு அதே இருபது அடிதான் அத்துமீறல் வழக்கு.

இதுல இன்னொரு கொடுமை, பேர். நிலம் மார்ச்ல கைமாறும். கவுண்டி பதிவுல ஏற கொஞ்ச நாள், கவுண்டி டேட்டாவை ஆப் கம்பெனி வாங்கி ஏத்த இன்னும் கொஞ்ச நாள். நவம்பர்ல நீங்க தொட்டுப் பார்த்தா பழைய சொந்தக்காரர் பேரே நிக்கும். அவரைத் தேடிப் பிடிச்சு அனுமதி வாங்கினா, வித்துட்டுப் போனவர் கொடுத்த அனுமதி அது. செல்லவே செல்லாது. கவுண்டியோட சொந்த வரைபடத் தளத்துல அதே நிலத்தோட எண்ணைப் போட்டுப் பாருங்க, இல்ல அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்க. பத்து நிமிஷ வேலை. அதைச் செய்யாம வேட்டைக்குக் கிளம்பறவங்களை என்ன சொல்றது!

கோடுதான் இப்படின்னா, அதுக்குப் பக்கத்துல, நீங்க நிக்கற இடம்னு ஆப் காட்டற நீலப் புள்ளி? திறந்த வெளியில ஸ்மார்ட்போன் ஜிபிஎஸ் பொதுவா 4.9 மீட்டருக்குள்ள சரியா காட்டும்னு அமெரிக்க அரசே சொல்லுது. திறந்த வெளியில! அடர்ந்த மரத்துக்குக் கீழ, குறுகலான பள்ளத்தாக்குல, பாறைச் சுவர்ல பட்டுத் திரும்பற சிக்னலைப் பிடிச்சுக்கிட்டுப் புள்ளி அங்கயும் இங்கயும் தாவும். புள்ளியைச் சுத்தி மங்கலா ஒரு வட்டம் தெரியுதே, அதுக்குள்ளதான் நிச்சயமா இருக்கோம்னு நினைக்கறாங்க. ஆண்ட்ராய்டுல அந்த வட்டத்தோட கணக்கு 68 சதவீதம். மூணு தடவைக்கு ஒரு தடவை நீங்க வட்டத்துக்கு வெளியிலதான் நிக்கறீங்க. இந்தத் தப்பையும் கோட்டுல இருக்கற தப்பையும் கூட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரிச்சு விரிச்சு ஜூம் பண்ணி, "இன்னும் ரெண்டடி இருக்கு"ன்னு சொல்றவங்களைப் பார்த்தா ரத்தம் கொதிக்குது. ஜூம் பண்ணினா படம்தான் பெருசாகும். டேட்டா அதே டேட்டாதான்.

எல்லைக்குப் பக்கத்துல போனா ஒரே இடத்துல ரெண்டு மூணு நிமிஷம் அசையாம நில்லுங்க, புள்ளி அடங்கட்டும். அப்பவும் கோட்டுலேருந்து ஐம்பது கஜம் உள்ள தள்ளியே இருங்க. அடிபட்ட மிருகம் ஓடி எல்லை தாண்டி விழுமேங்கற கணக்கையும் சேர்த்தா இன்னும் தள்ளணும். திரையை விட்டுத் தலையைத் தூக்கி நிலத்தையும் பாருங்க. டெக்சாஸ்ல மரத்துல ஊதா பெயின்ட் அடிச்சிருந்தா உள்ள வராதேன்னு அர்த்தம். குறைஞ்சது எட்டு அங்குல நீளம், ஓர் அங்குல அகலம், தரையிலேருந்து மூணடிக்கும் அஞ்சடிக்கும் நடுவுல செங்குத்துக் கோடு. காட்டுல நூறு அடிக்கு ஒண்ணு இருக்கணும். அதைச் சட்டம் ஏத்துக்குது. வேலியையும் கண்ணை மூடிக்கிட்டு நம்ப முடியாது, பாறை வந்த இடத்துல ஒதுங்கி, ஓடை வந்த இடத்துல வளைஞ்சு போட்டிருப்பாங்க. சந்தேகம் வந்தா சர்வே குறியைத் தேடணும். தரையில பதிச்ச பித்தளை மூடி, மேல நிலக் கட்டத்தோட எண் பொறிச்சிருக்கும்.

மூலை தாண்டற விஷயத்துக்கு வருவோம். மேற்கு மாநிலங்கள்ல நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல், 640 ஏக்கர்னு கட்டம் கட்டமா பிரிச்சு வச்சிருக்காங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரயில் கம்பெனிகளுக்கு ஒண்ணு விட்டு ஒரு கட்டமா கொடுத்ததால, வயோமிங்ல பெரிய பரப்பு சதுரங்கப் பலகை மாதிரி கிடக்கு. ஒரு பொது நிலத்துலேருந்து அடுத்த பொது நிலத்துக்குப் போகணும்னா நாலு கட்டம் சேர்ற மூலையிலதான் கால் வைக்கணும். ஆன்எக்ஸ்ங்கற வேட்டை மேப் ஆப் கம்பெனியும் ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 2018ல போட்ட கணக்குல, மேற்குல மட்டும் 95 லட்சம் ஏக்கருக்கு மேல மத்திய அரசு நிலம் பொது வழியே இல்லாம அடைபட்டுக் கிடக்கு. அந்தக் கணக்கைப் போட உதவினதே இந்த மேப்தான், அதை மறுக்கல. ஆனா மூலைங்கறது ஒரு புள்ளி. அகலமே கிடையாது. அஞ்சு மீட்டர் தடுமாற்றத்தோட அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

2021ல வயோமிங்கோட எல்க் மவுன்டன்ல நாலு வேட்டைக்காரங்க சர்வே குறியையே கண்டுபிடிச்சு, அது மேல ஏணி போட்டு, தனியார் மண்ணுல கால் படாம தாண்டினாங்க. அதுக்கே கிரிமினல் வழக்கு, லட்சக்கணக்கான டாலர் நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு. 2022ல ஜூரி விடுவிச்சது. 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொது நிலத்துக்குப் போறதை அடைக்கக் கூடாதுங்கற 1885ஆம் வருஷத்துச் சட்டத்தை வச்சு வேட்டைக்காரங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. அது வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆறு மாநிலத்துக்குத்தான். மொன்டானா அதுல இல்ல. "கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு மொன்டானாவுல போய் மூலை தாண்டாதீங்க.

அந்த வழக்குல எல்லாரும் மறந்துபோற ஒரு விஷயம் இருக்கு. ஒரு வேட்டைக்காரரோட ஆப்ல, தனியார் நிலத்துக்குள்ள விழற மாதிரி மேப்ல அவர் வச்சிருந்த ஒரு குறியை (இது சர்வே குறி இல்ல, மேப்ல விரலால வைக்கற அடையாளம்) அத்துமீறலுக்கு ஆதாரம்னு நிலத்துக்காரர் தரப்பு எடுத்து வச்சது. அந்த இடத்துல நிக்காமலே, சோபாவுல உட்கார்ந்துகிட்டுக் கூட குறி வைக்கலாமே! ஆப்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால வீட்டுலேருந்து வைக்கற குறிக்கு ஒரு கலர், நேர்ல போய் வைக்கற குறிக்கு வேற கலர். பேர்லயே "வீடு"ன்னு எழுதிடுங்க. இந்த ஒரு பழக்கம் இல்லாம நூறு குறி வச்சிருக்கறவங்கதான் அதிகம்.

அப்புறம் ஆஃப்லைன். அய்யோ, இந்த ஆஃப்லைன்! மலையடிவாரத்துல வண்டியை நிறுத்திட்டு, காலை நாலு மணிக்கு ஆப்பைத் திறந்தா வெறும் சாம்பல் கட்டம். "டவுன்லோட் பண்ணினேனே"ம்பாங்க. பண்ணினது என்ன? மொத்த மலைத்தொடரையும் ஒரே பெட்டியில அடக்கணும்னு குறைஞ்ச தெளிவுல இறக்கியிருப்பாங்க, கிட்டப் போனா எல்லாம் பச்சைக் கூழ். நடக்கப்போற சில மைலுக்கு முழுத் தெளிவுல சாட்டிலைட் படம், சுத்துப்பட்டுக்கு, ஒரே உயரத்துல இருக்கற இடங்களைக் கோடா இணைச்சுக் காட்டற சமஉயரக் கோட்டு மேப் போதும், தனித்தனியா இறக்குங்க. இறக்கினதும் வீட்டுலயே ஏரோப்ளேன் மோடைப் போட்டு, வைஃபையையும் அணைச்சு, ஆப்பை முழுசா மூடித் திறங்க. கடைசி வரைக்கும் ஜூம் பண்ணுங்க. ஒரு நிலத்தைத் தொட்டு சொந்தக்காரர் பேர் வருதான்னு பாருங்க. ஒரு குறி வச்சு சேமிச்சுப் பாருங்க. லாகின் கேட்டு நின்னா இப்பவே தெரிஞ்சுடும், மலையில தெரிய வேண்டாம். கிளம்பற முந்தின ராத்திரி ஆப்பை அப்டேட் பண்ணவே பண்ணாதீங்க. அங்க போன பிறகும் ஏரோப்ளேன் மோடுலயே வைங்க. ஜிபிஎஸ் அதுலயும் வேலை செய்யும். இல்லாத டவரைத் தேடித் தேடித்தான் போன் சாகுது. குளிர்ல லித்தியம் பேட்டரி சட்டுனு படுத்துடும், உள்சட்டைப் பையில உடம்புச் சூட்டோட வைங்க. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க்ல 5,000 எம்ஏஎச் போன் ரெண்டு தடவை ஏறும்னு கணக்குப் போடாதீங்க, ஒன்றரை தடவைதான். காகித மேப் ஒண்ணு மடிச்சு வைங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

சமஉயரக் கோடுன்னதும் ஞாபகம் வருது. மலைப் பகுதி மேப்ல பெரும்பாலும் நாற்பது அடிக்கு ஒரு கோடுதான். முப்பது அடி செங்குத்துப் பாறை ரெண்டு கோட்டுக்கு நடுவுல சத்தமில்லாம ஒளிஞ்சுக்கும். படத்துல சாதுவான சரிவு, நேர்ல இறங்க வழியில்ல. அமெரிக்க விவசாயத் துறை எடுக்கற வான்படம் பயிர் வளர்ற காலத்துல எடுக்கறது, இலை மூடின காட்டுல மான் தடத்தைத் தேடினா கண்ணுதான் வலிக்கும். காத்து வீசற திசைன்னு ஆப் காட்டற அம்புக்குறியும் அப்படித்தான். அது அந்த வட்டாரத்துக்கான பொதுவான கணிப்பு. விடியற்காலை குளிர்ந்த காத்து சரிவுல கீழ இறங்கும், வெயில் பட்டதும் மேல ஏறும். மிருகத்துக்கு உங்க வாசனையைக் கொண்டுபோறது இந்தக் காத்துதான்.

ஆப் செய்யறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. நிலத்தைத் தொட்டா சொந்தக்காரர் பேரையும் ஏக்கரையும் பளிச்சுனு காட்டறீங்க. அதே பெட்டியில, அதே எழுத்து அளவுல, இந்த டேட்டா எந்த கவுண்டியிலேருந்து எந்தத் தேதியில எடுத்ததுன்னு ஒரு வரி போட என்ன தடை? நிலத்தை அளந்த கோட்டுக்கு ஒரு மாதிரி, வரிப் படத்துலேருந்து எடுத்த கோட்டுக்குப் பட்டையா மங்கலா இன்னொரு மாதிரி வரைய என்ன தடை? அந்தத் தேதி உங்ககிட்ட இருக்கு. எடுத்துக் காட்டுங்க!