விஷுவல் எடிட்டர் விக்கி கோடை அழிக்காது
விக்கிபீடியா பக்கத்தை கோடு தெரியாமலே, கண்ணுல தெரியற மாதிரியே திருத்தற கருவிதான் விஷுவல் எடிட்டர். மேல ஒருத்தர் "விஷுவல் எடிட்டர்ல சேவ் பண்ணா பக்கம் ஹெச்டிஎம்எல்லா மாறிடும், அப்புறம் கோடுல திருத்தவே முடியாது"ன்னு போட்டிருக்காரு, அது தப்புங்க. விக்கிபீடியால சேமிக்கறது இன்னைக்கும் விக்கி கோடுதான் (பக்கத்தை எழுதற குறியீடு), பார்சாய்டுன்னு ஒரு மென்பொருள் அதை ப்ரவுசர் படிக்கற ஹெச்டிஎம்எல்லா மாத்தி காட்டும், சேவ் குடுக்கறப்ப நாம தொட்ட இடத்தை மட்டும் திரும்ப கோடாக்கிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுடும். 2013 ஜூலைல ஆங்கில விக்கில இறக்கினப்ப கோளாறு நிறைய இருந்துச்சு, உண்மைதான், கோடுல இணைப்பு போடற ரெண்டு சதுர அடைப்புக்குறியை டைப் பண்ணா, இதை கோடா எடுத்துக்காதேன்னு சொல்ற நோவிக்கி டேக் வந்து ஒட்டிக்கும், செப்டம்பர்லயே வேணுங்கறவங்க மட்டும் ஆன் பண்ணிக்கற மாதிரி மாத்திட்டாங்க. இப்ப அதே அடைப்புக்குறி போட்டா இணைப்பு பெட்டி திறக்குது. புதுசா வர்றவங்கள பயமுறுத்தாதீங்க, ப்ளீஸ். சந்தேகமா இருந்தா ஒரு வார்த்தையை திருத்திட்டு வரலாற்றுல வேறுபாட்டை பாருங்க, அந்த ஒரு இடம்தான் மாறியிருக்கும்.