தூங்கத்தானே அறை எடுத்தோம்?

ரயில் 3 மணி நேரம் லேட். இரவு 11.45க்குத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை 9 மணிக்கு மீட்டிங். வருகிற வழியிலேயே போனில் அறை போட்டுவிட்டேன். ஸ்டேஷனுக்குப் பக்கம், ஊருக்கு நடுவே, பட்டியலில் இருந்ததிலேயே மலிவானது. படத்தில் வெள்ளை வெளேரென்று மெத்தை, அதன்மேல் அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்த துண்டு. அந்தத் துண்டைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். துண்டில் பறவை செய்ய நேரம் இருக்கிறவர்களுக்குக் கதவுத் தாழ்ப்பாளைப் பார்க்க நேரம் இருக்காது என்பது என் பல வருட அனுபவம்.

ரிசப்ஷனில் ஒரு சின்னப் பையன். மிஞ்சிப் போனால் 22 வயது இருக்கும். அடையாள அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, "முந்நூத்தி நாலு மேடம், மூணாவது மாடி, லிஃப்ட்ட விட்டு எறங்கின ஒடனே ரைட்ல" என்று லாபி முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னான். சோபாவில் போன் நோண்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, சத்தம் கேட்டால் யாரும் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் தனியாக வந்த பெண் எந்த அறையில் படுக்கப் போகிறாள் என்பது முன்பின் தெரியாத இரண்டு பேருக்குத் தெரிந்துபோயிற்று. நம்பரைத் துண்டுச்சீட்டில் எழுதி நீட்டியிருந்தால் முடிந்தது. பைசா செலவில்லாத வேலை.

இந்தப் பதிவே அதற்காகத்தான். மலிவு விடுதியைப் பற்றி யாராவது குறை சொன்னால், "கொடுத்த காசுக்கு இவ்வளவுதான்" என்று உடனே ஒரு பதில் வரும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன். அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடாமல் அடித்ததில் ஒன்றுகூடக் காசு பற்றாததால் வந்ததில்லை. அறைக்கு வருகிறவன் தூங்கத்தான் வருகிறான் என்பதை யாரும் யோசிக்காததால் வந்தது.

சாவியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இரும்புச் சாவி, அதோடு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை. பட்டையில் விடுதியின் பெயர், அதற்குக் கீழே 304. வழியில் தொலைத்தால், எடுத்தவன் எந்தக் கதவைத் திறக்கலாம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தச் சாவியைத் தலைமுழுகத்தான் 1970களில் நார்வேக்காரர் ஒருவர், டோர் சோர்னஸ், துளை போட்ட பிளாஸ்டிக் கார்டைக் கொண்டுவந்தார். ஆள் மாறும்போதெல்லாம் துளைகளின் அமைப்பு மாறும். போன வாரம் தங்கியவர் கார்டைத் திருப்பித் தராமல் போயிருந்தாலும் அது இன்றைக்கு உதவாது. இரும்புச் சாவிக்கு அந்த வசதி இல்லை. எத்தனை பேர் நகல் வைத்திருக்கிறார்களோ. சரி, உள்ளே தாழ்ப்பாள் இருக்குமே என்று தள்ளினால், அது ஸ்க்ரூ கழன்று ஒரு பக்கமாகத் தொங்கியது. சுவரில் பெரிதாக ஃப்ரேம் போட்ட நீர்வீழ்ச்சிப் படம் மட்டும் நான்கு ஸ்க்ரூவில் ஜம்மென்று நின்றது. அதில் இரண்டைக் கழற்றித் தாழ்ப்பாளுக்குப் போட்டிருக்கலாம். நான் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். தனியாகப் பயணம் போகிற பெண்கள் எல்லோருக்கும் இந்த நாற்காலி வேலை தெரியும்.

அடுத்து மெத்தை. எந்த விடுதிக்குப் போனாலும் பையைக் கட்டில்மேல் வைக்க மாட்டேன். முதலில் போன் டார்ச்சை அடித்து, விரிப்பைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தையும் தலைமாட்டுப் பலகையின் பின்பக்கத்தையும் பார்ப்பேன். மூட்டைப்பூச்சி ஆப்பிள் விதை அளவுதான் இருக்கும், பகலில் தலைகாட்டாது. ஆனால் மைப் பேனாவால் குத்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகளை விட்டு வைத்திருக்கும். இதில் விடுதிக்காரர்களுக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். மூட்டைப்பூச்சி அழுக்கால் வருவதில்லை, யாரோ ஒரு விருந்தாளியின் பையில் ஏறி வருகிறது. நட்சத்திர ஹோட்டலுக்கும் வரும். வந்ததைக் கண்டுபிடிக்காமல் விடுவதுதான் தப்பு. 304இல் அது இல்லை. விரிப்பும் சுத்தம், சோப்பு வாசனைகூட வந்தது. நல்லதையும் சொல்ல வேண்டும் இல்லையா.

விளக்கை அணைத்தேன். அணைத்த பிறகுதான் அறையில் எத்தனை விளக்கு என்று தெரிந்தது. ஏசியில் நீல எண், டிவிக்குக் கீழே சிவப்புப் பொட்டு, கதவடியில் இரண்டு விரல் சந்து வழியாக வராந்தா டியூப்லைட். திரைச்சீலை இரண்டு பக்கமும் நடுவில் சேரவே இல்லை, நாலு விரற்கடை இடைவெளி. அந்த வழியாக விடுதியின் சொந்தப் பெயர்ப்பலகையே நொடிக்கொருதரம் பச்சையும் சிவப்புமாக என் முகத்தில் அடித்தது. வாடிக்கையாளரைக் கூப்பிட வைத்த விளக்கு, வந்த வாடிக்கையாளரைத் தூங்கவிடவில்லை. தலைவாரும் கிளிப்பால் திரையைச் சேர்த்துக் குத்தினேன். டிவி மேல் ஒரு சாக்ஸ்.

வெளிச்சத்தையாவது மூடலாம். சத்தத்தை என்ன செய்வது? கட்டிலின் தலைமாடு லிஃப்ட் சுவரில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் "டக்", பிறகு ஒரு உறுமல், பிறகு கதவு திறந்து மூடும் "சர்ர்". அதோடு பக்கத்து அறையில் யாரோ ஃப்ளஷ் இழுக்க, என் பாத்ரூம் சுவருக்குள் ஆறு ஓடியது. அப்போது எனக்கு ஸ்டாட்லர் ஞாபகம் வந்தார். 1908இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஒன்றரை டாலருக்கு அறையும் குளியலறையும் என்று விளம்பரம் செய்து ஹோட்டல் திறந்த மனிதர். பொதுக் குளியலறைக்கு வரிசையில் நிற்பது சாதாரணமாக இருந்த காலம் அது. இரண்டிரண்டு குளியலறைகளை முதுகோடு முதுகாக வைத்து, குழாய்களையெல்லாம் ஒரே பொந்துக்குள் இறக்கியதால்தான் அந்த விலை கட்டுபடியானது. ராத்திரி வருகிறவன் இருட்டில் துழாவக் கூடாது என்று விளக்கு ஸ்விட்சைக் கதவை ஒட்டியே வைத்தவரும் அவர்தான். குறைந்த விலை, ஆனால் வருகிறவனை நினைத்துப் பார்த்துக் கட்டியது. நூறு வருஷம் கழித்து அவர் பொந்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நினைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

படுக்கையறைக்குள் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லிவிட்டது. கிசுகிசுப்பு அளவு. புது இடமென்றால் மூளையும் ஒத்துழைப்பதில்லை. 2016இல் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, பழக்கமில்லாத இடத்தில் முதல் நாள் படுப்பவர்களுக்கு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழமாகத் தூங்கவில்லையாம். பாதி மூளை காவல் காக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. "புது இடம், தூக்கமே வரல" என்று பாட்டி சொன்னதுதான். ஒரே ஒரு ராத்திரி தங்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற தொழிலில், வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அந்த முதல் ராத்திரிக்காரர்தான். அவரை லிஃப்டுக்குப் பக்கத்தில் படுக்க வைக்கிறார்கள்.

1.40க்கு எழுந்து கீழே போனேன். பையன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, காலை நீட்டிக் கண்ணயர்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "லிஃப்ட் சத்தமா அக்கா?" என்றான். மேடம் அக்காவாகியிருந்தேன்.

"தெரிஞ்சுமா குடுத்த?"

"அந்த ரூம்ல டெய்லி யாராச்சும் எறங்கி வருவாங்கக்கா. நான் சொல்லிட்டேன், யாரு கேக்குறா. காலியா விட்டா எங்களத்தான் திட்டுவாங்க."

அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று ராத்திரி விற்காத அறையை நாளைக்குச் சேர்த்து விற்க முடியாது, விடிந்தால் போச்சு. அதனால்தான் நேரம் ஆக ஆக விலை ஏறி இறங்குகிறது, பக்கத்து அறைக்காரர் வேறு தொகை கொடுத்திருப்பார். எல்லா அறையையும் நிரப்பத்தான் பார்ப்பார்கள், புரிகிறது. ஆனால் 304ஐ இன்னும் குறைந்த விலைக்கு, "லிஃப்டை ஒட்டிய அறை" என்று சொல்லியே விற்கலாமே? செவிடுபோலத் தூங்குகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், என் தம்பி மாதிரி. 1979இல் ஜப்பானின் ஓசாகாவில் கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கேப்ஸ்யூல் ஹோட்டலில் அறைக்குப் பதில் படுக்கிற பெட்டிதான். எழுந்து நிற்கக்கூட முடியாது. ஆனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று உள்ளே போகும்போதே தெரியும்.

பையன் 211இன் சாவியை எடுத்து நீட்டினான். இந்த முறை நம்பரை வாய்விட்டுச் சொல்லவில்லை, பட்டையைத் திருப்பிக் காட்டினான். பின்பக்க அறை. ஜன்னலைத் திறந்தால் வெறும் சுவர், காட்சி என்று ஒன்றுமில்லை. கும்மிருட்டு. தாழ்ப்பாள் சரியாக விழுந்தது. அதே விலை, அதே விரிப்பு, அதே மடித்த துண்டு. 6.30 வரை அசையாமல் தூங்கினேன்.

மதியம், அறை போட்ட ஆப்பிலிருந்து போனில் கேள்விகள் வந்தன. சுத்தம் எப்படி, ஊழியர்கள் எப்படி, இடம் எப்படி, கொடுத்த காசுக்குத் தகுமா. தூங்கினீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. நட்சத்திரத்தைக் குறைத்தால் முதலில் மாட்டுகிறவன் அந்த இரண்டு நாற்காலிப் பையன்தான். அதனால் ஊழியருக்கு ஐந்தும் போட்டுவிட்டு, கீழே எழுதினேன்: "304 லிஃப்ட் சுவரை ஒட்டியது, கொடுத்தால் வாங்காதீர்கள். அதன் தாழ்ப்பாளுக்கு இரண்டு ஸ்க்ரூ தேவை. பின்பக்க அறை கேளுங்கள், 211 அருமை. இரவுப் பணியில் இருக்கும் தம்பிக்கு எந்த அறையில் தூக்கம் வரும் என்பது தெரியும், அவரைக் கேட்டு அறை கொடுங்கள்."

அரை மணி நேரத்தில் விடுதியிலிருந்து பதில். "தங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி. மீண்டும் வருக." கூடவே ஒரு படம். அதே அன்னப்பறவை.